திண்டுக்கல் சீமை 23: நாகையும் தூத்துக்குடியும்

சென்ற இதழை 1875-இல் நிறுத்தியிருந்தேன். திருச்சியிலிருந்து மதுரைக்குப் போட்ட இருப்புப்பாதை நம் திண்டுக்கல் வழியாக வந்த ஆண்டு அது. அதுவரை மலைக்கோட்டையைச் சுற்றி நாலா பக்கமும் பிரிந்துபோன வண்டித் தடங்கள் எல்லாம் அதன்பிறகு ஸ்டேஷனைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன. "ரயில் வந்தது சரி, அது நம்மிடமிருந்து எதை ஏற்றிக்கொண்டு எங்கே போனது?" என்று வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் இந்த ஒரு வாரம் மலையை விட்டு இறங்கிக் கடற்கரைக்குப் போக வேண்டும். ஒரு கடற்கரைக்கு அல்ல, இரண்டு கடற்கரைகளுக்கு.

திருச்சி வழியாகக் கிழக்கே போனால் நாகப்பட்டினம். மதுரை வழியாகத் தெற்கே போனால் தூத்துக்குடி. தூத்துக்குடி நமக்குச் சுமார் 200 கிலோமீட்டர். நாகை அதைவிடக் கொஞ்சம் கூடுதல். கடலே இல்லாத நம் சீமைக்கு இரண்டு வாசல்கள் என்று இவற்றைச் சொல்லலாம். எந்த வாசல் எப்போது திறந்தது, எது எப்போது மூடியது என்பதைப் பொறுத்தே நம் புகையிலைக்கும் பருத்திக்கும் விலை அமைந்தது. நம் ஊர் ஆட்கள் பிழைக்கப் போன திசையும் அதைப் பொறுத்தே மாறியது.

முதலில் ஒரு கணக்கு. நாகப்பட்டினம், தூத்துக்குடி, திண்டுக்கல் மூன்றுமே நகராட்சி ஆனது ஒரே ஆண்டில், 1866-இல். முந்தைய ஆண்டு வந்த நகர மேம்பாட்டுச் சட்டத்தின் பிள்ளைகள் இவை. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாகப்பட்டினத்தில் நாகூரையும் சேர்த்து 57 ஆயிரம் பேர். தூத்துக்குடியில் 28 ஆயிரம். திண்டுக்கல்லில் 25 ஆயிரம். தூத்துக்குடியைப்போல் இரண்டு மடங்கு பெரிய ஊராக நாகை இருந்தது. 2011 கணக்கெடுப்பைப் பாருங்கள்: தூத்துக்குடி 2 லட்சத்து 37 ஆயிரம், திண்டுக்கல் 2 லட்சத்து 7 ஆயிரம், நாகப்பட்டினம் 1 லட்சத்து 2 ஆயிரம். தூத்துக்குடி 2008-இல் மாநகராட்சி ஆனது. நாம் 2014-இல் ஆனோம். நாகை இன்னும் நகராட்சிதான்.

நூறு ஆண்டுகளில் துலாக்கோல் இப்படித் தலைகீழாகச் சாய்ந்தது எப்படி? புயல், வெள்ளம், அரசியல் என்று பலர் பல காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் கடலைச் சேர்ந்தது அல்ல. அதற்கு வருவதற்கு முன் இரண்டு ஊர்களிலும் யார் யார் வாழ்ந்தார்கள் என்று பார்த்துவிடுவோம்.

நாகப்பட்டினத்தின் பழைய சிறப்பைப் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சூடாமணி விகாரம் அங்கேதான் இருந்தது. அதைக் கட்டியது சோழர்கள் அல்ல. கடல் கடந்து, சுமத்ராவையும் மலாய்த் தீபகற்பத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய அரசர் மாரவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் கட்டிய பௌத்தப் பள்ளி அது. சிவபக்தனான முதலாம் ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை எழுதிக்கொடுத்தான். அந்தத் தானம் பொறித்த செப்பேடுகள் டச்சுக்காரர் கையில் சிக்கி ஹாலந்தின் லெய்டன் நகரத்துக்குப் போனதால் இன்று அவற்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர். சைவ மன்னன் நிலம் கொடுக்க, சுமத்ரா மன்னன் பணம் கொடுக்க, தமிழ்க் கடற்கரையில் புத்தருக்குக் கோயில் எழும்பியிருக்கிறது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய் சிலிர்க்கும்.

விகாரத்தோடு முடியவில்லை. 1267-இல் சீனர்கள் அங்கே செங்கல்லால் ஒரு கோபுரம் கட்டினார்கள். கடலில் வரும் மாலுமிகளுக்கு அது அடையாளமாக இருந்தது. இருநூறு ஆண்டுகள் கழித்து, கப்பல் உடைந்து கரை சேர்ந்த பர்மியப் பிக்குகள் நாகப்பட்டினத்துப் பௌத்தத் தலத்தை வணங்கிப் போன செய்தி 1476-ஆம் ஆண்டின் கல்யாணிக் கல்வெட்டுகளில் இருக்கிறது. அந்தக் கோபுரம் மூன்றடுக்காய்ச் சிதைந்து 19-ஆம் நூற்றாண்டு வரை நின்றது. 1867-இல், அரசாங்க அனுமதியோடு, இயேசு சபையினர் அதை இடித்துப்போட்டார்கள். அறுநூறு ஆண்டு நின்ற ஒன்று, நமக்கு நகராட்சி வந்த மறு ஆண்டில் தரைமட்டமானது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் 1856 தொடங்கி மண்ணைத் தோண்டத் தோண்டப் புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்தன, மொத்தம் சுமார் 350. பல சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எழும்பூர் போகிறவர்கள் ஒருமுறை பாருங்கள். உள்ளங்கையில் அடங்குகிற சின்னஞ்சிறு உருவங்கள்கூட உண்டு. தலைக்கு மேல் தீச்சுடர் போன்ற முடி. அதைத்தான் நாகப்பட்டினத்துப் புத்தரின் அடையாளமாகச் சொல்வார்கள்.

பிறகு போர்ச்சுக்கீசியர், அவர்களை விரட்டி 1658-இல் டச்சுக்காரர். பழவேற்காட்டில் இருந்த தங்கள் சோழமண்டலத் தலைமையகத்தை 1690 வாக்கில் டச்சுக்காரர் நாகைக்கே மாற்றிக்கொண்டார்கள். நாகையிலேயே நாணயம் அச்சடித்தார்கள். 1781-இல் ஆங்கிலேயர் பிடிக்கும் வரை ஒரு பெரும் கம்பெனியின் கஜானா அங்கே இருந்தது. இதற்கு நடுவே, மரக்காயர்கள் தங்கள் சொந்தக் கப்பல்களில் அச்சே, கெடா, மலாக்கா என்று போய்வந்தார்கள். பக்கத்து நாகூரில் ஷாகுல் ஹமீது ஆண்டவர் தர்கா. அதன் மினாராக்களில் மிக உயரமானது 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். நாகூரார் பெயரால் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தர்காக்கள் எழும்பின. தமிழ் பேசும் முஸ்லிமின் மனத்தில் வங்கக் கடல் ஒரு தெருவைப்போல் இருந்ததற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். இன்றைக்கும் நாகை நகராட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முஸ்லிம்.

இத்தனை மொழியும் மதமும் கூடி வாழ்ந்த ஊர் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. செல்வத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1659 தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் தஞ்சைச் சீமையில் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து அடித்தன. சோற்றுக்கு இல்லாமல் தன்னையும் பிள்ளைகளையும் விற்ற ஆயிரக்கணக்கான மக்களை டச்சுக்காரர் நாகையிலிருந்து அடிமைகளாக இலங்கைக்கும் படேவியாவுக்கும் கப்பலேற்றினார்கள். அவர்களுக்கு எந்தச் செப்பேடும் இல்லை.

தூத்துக்குடிக்கு வருவோம். அதுவும் 1658-இல்தான் டச்சுக்காரர் கைக்குப் போனது. வான் கூன்ஸ் என்ற தளபதி ஒரே வீச்சில் இரண்டு ஊர்களையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பறித்தான். ஆனால் ஊரின் உள்ளமைப்பு வேறு.

நாகைக்குக் கடல் வழியாக வெளியார் வந்தார்கள், தங்கினார்கள், போனார்கள். தூத்துக்குடியில் கடல் மக்கள் அந்த மண்ணின் பரதவர்கள்தான். வந்தது புதிய பெயர்கள். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கூட்டமாகக் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1542-இல் சவேரியார் வந்து சேர்ந்தார். பர்னாந்து, மச்சாது, ரோச், கொரைரா, மோத்தா, கோமஸ் என்று போர்ச்சுக்கல் பெயர்கள் தமிழ் வாயில் புரண்டு நம் பெயர்களாகவே ஆகிவிட்டன. மணிலாவிலிருந்து வந்த மாதா சுரூபம் பனிமய மாதா ஆகி, 1713 ஆகஸ்டு 5-இல் அர்ச்சிக்கப்பட்ட கோயிலில் வீற்றிருக்கிறது. ஆண்டுதோறும் அதே நாளில் திருவிழா. தங்கத் தேர் ஓடும் ஆண்டுகளில் ஊரே திரளும். மதமும் மாதா சுரூபமும் வெளியிலிருந்து வந்தவை. தேரும் வடமும் இழுக்கிற தோளும் இந்த மண்ணுடையவை. பேக்கரியில் முந்திரிப் பருப்பைப் பொடித்து, முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்துச் செய்யும் மக்ரூனும் அப்படித்தான். பெயர் கடல் கடந்தது. செய்கிற கை இந்த ஊர்க் கை.

பரதவர்களின் செல்வம் முத்தும் சங்கும். குளிப்பவர் காலில் கல்லை மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து இறங்குவார். மூச்சு இருக்கும் வரை கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிப் பைக்குள் போடுவார். மேலே ஒருவர் கயிற்றின் அசைவையே பார்த்துக்கொண்டிருப்பார். சுறா அண்டாமல் மந்திரம் ஓதக் 'கடல்கட்டி' என்று ஒருவர் கரையில் இருப்பார். அவர் இல்லாமல் யாரும் இறங்கமாட்டார்கள். ஆங்கிலேய அரசாங்கத்தின் நாளில், எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் குளித்தவர்களுக்கு. மீதி அரசாங்கத்துக்கு. சங்கு வங்காளத்துக்குப் போய்க் கல்யாணப் பெண்களின் வெள்ளை வளையலானது.

முத்து நம்பி வாழ முடியாத பொருள். சிப்பி விளைந்த ஆண்டு உண்டு, வருஷக்கணக்கில் விளையாத காலமும் உண்டு. அதை நம்பியிருந்தால் தூத்துக்குடி இன்றைக்கும் ஒரு மீனவர் குப்பமாகத்தான் இருந்திருக்கும். ஊரைத் தூக்கி நிறுத்தியது பருத்தி.

இங்கேதான் நம் கதை அவர்கள் கதையோடு சேர்கிறது.

துறைமுகம் என்று பார்த்தால் இரண்டுமே சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நாகையில் கடுவையாற்று முகத்துவாரத்தில் படகு நுழையும், கப்பல் நுழையாது. தூத்துக்குடியில் கடல் ஆழமே இல்லை. பெரிய கப்பல்கள் மைல்கணக்கில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், தோணிகள்தான் சரக்கைக் கொண்டுபோய் ஏற்றும். ரயிலும் முதலில் வந்தது நாகைக்குத்தான். 1861-இல் நாகையில் தொடங்கிய பாதை அடுத்த ஆண்டு திருச்சியைத் தொட்டது. தூத்துக்குடிக்கு 1876 புத்தாண்டில்தான் ரயில் போனது. பதினான்கு ஆண்டு முன்னேறி நின்றும் நாகை பின்தங்கியது என்றால் காரணம் கடலிலும் இல்லை, தண்டவாளத்திலும் இல்லை.

நாகைக்குப் பின்னால் இருந்தது காவிரிப் படுகை. நெல். நெல் விளைகிற நாடு பெரும்பாலும் தன் விளைச்சலைத் தானே உண்ணும்; கோயிலுக்கும் மிராசுக்கும் அளந்தது போக மிச்சம்தான் இலங்கைக்குப் போனது. பிரிட்டிஷ் மில் துணி வந்து தஞ்சைத் தறிகளை நசுக்கிய பிறகு, டச்சுக்காரர் காலத்தில் அள்ளிக்கொண்டு போன துணியும் இல்லை. தூத்துக்குடிக்குப் பின்னால் இருந்தது கரிசல். கோவில்பட்டி, விருதுபட்டி, சாத்தூர் தொடங்கி வடக்கே நம் பழனி, வேடசந்தூர்ப் பக்கம் வரை வானம் பார்த்த பூமி. அதில் பருத்தி விளையும். பருத்தியை யாரும் தின்ன முடியாது, விற்றே ஆகவேண்டும். 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு லங்காஷயர் மில்களுக்குப் பஞ்சு நின்றுபோனதும் தின்னவேலிப் பருத்திக்கு விலை ஏறியது. ராலி பிரதர்ஸ் என்ற கிரேக்க நிறுவனம் தூத்துக்குடியில் கிடங்கு திறந்தது. ஸ்காட்லாந்துக்கார ஹார்வி சகோதரர்கள் 1888-இல் கோரல் மில்லைத் தொடங்கினார்கள். பனங்காட்டிலிருந்தும் தேரியிலிருந்தும் நாடார் வணிகர்கள் வந்து உப்பு, கருப்பட்டி, பருத்தி, மளிகை என்று கடை விரித்தார்கள். காயல்பட்டினத்து முஸ்லிம்கள் கொழும்பு வியாபாரத்தைக் கையில் வைத்திருந்தார்கள்.

ஆக, நாகையில் பல இனம் கூடியது கடல் கொண்டுவந்து சேர்த்தது. தூத்துக்குடியில் கூடியதில் பாதிக்கு மேல் நிலம் கொண்டுவந்து சேர்த்தது. கடல் கொண்டுவந்தவர்கள் காற்று திரும்பியதும் போய்விட்டார்கள்: சீனர், ஸ்ரீவிஜயத்தார், போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர் என எல்லாரும். நிலத்திலிருந்து வந்தவர்கள் நின்றுகொண்டார்கள். அவர்கள் பணமும் நின்றது. கப்பல் கம்பெனி நடத்துகிற துணிச்சல்வரை அது போனது. 1906-இல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியபோது பங்கு வாங்கியவர்களில் எல்லாச் சமூகத்தாரும் இருந்தார்கள். அந்தக் கம்பெனியை வெள்ளைக்காரக் கம்பெனியும் அரசாங்கமும் சேர்ந்து நசுக்கிய கதையும், 1908-இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் வென்ற கதையும் எல்லாரும் அறிந்தவை. குடிநீர் இல்லாத ஊருக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்து ஒரு பரதவர். அந்தத் தண்ணீரைக் குடித்தது ஊர் முழுவதும்.

நம் ஊர்ச் சரக்கு இந்த இரண்டு வாசலில் எதில் போனது? 1875-க்குப் பிறகு பெரும்பாலும் தூத்துக்குடிப் பக்கம். பருத்தி, சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் விளைந்த காப்பி, நம் புகையிலை. ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை வைத்ததும் ரயில் இருந்ததால்தான். திரும்பி வந்த வண்டியில் உப்பும் கருவாடும் வந்தன.

இன்றைக்கும் மாறவில்லை. போன மாதம் நம் வெங்காய மார்க்கெட்டுக்கு விடிகாலையில் போயிருந்தேன். சின்ன வெங்காயம் தரம் பிரித்து அம்பாரமாகக் கிடந்தது. வெங்காயச் சருகு காற்றில் பறந்து வேட்டியில் ஒட்டிக்கொண்டது. ஒரு பெரியவர் கோணி ஊசியால் சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். நான்கே இழுப்பு, ஒரு முடிச்சு, அடுத்த சாக்கு. "இது எங்கண்ணே போகுது?" என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமல், "தூத்துக்குடிக்குத் தம்பி. அங்கிட்டிருந்து சிலோனு, சிங்கப்பூரு" என்றார். 1974-இல் பெருந்துறைமுகம் ஆகி, இப்போது வ.உ.சி. பெயர் தாங்கி நிற்கும் அந்தத் துறைமுகத்துக்கு நம் ஊர் லாரி ராத்திரி புறப்பட்டால் விடிவதற்குள் போய்விடும்.

சரக்குக்கு ஒரு வாசல் போதும். ஆட்களுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. இதைத்தான் இந்த இதழில் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

ரயில் வந்த மறு ஆண்டே தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை. கப்பலில் அரிசி நாகையிலும் தூத்துக்குடியிலும் வந்திறங்கி ரயிலில் உள்நாட்டுக்கு வந்தது. அரிசி இறக்கிய அதே வண்டிகளில் ஜனங்கள் ஏறிப் போனார்கள். தெற்கே போனவர்கள் இலங்கைத் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு. நம் பக்கத்தில் இலங்கை என்று சொல்லமாட்டார்கள். 'கண்டிச் சீமை' என்றுதான் சொல்வார்கள். கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாகத் திரட்டுவார். தூத்துக்குடிக்குச் சற்று முன்னால் தட்டப்பாறையில் முகாம். அங்கே மருத்துவப் பரிசோதனை முடித்துத்தான் கப்பல். பின்னாளில் தோட்டத்தின் எழுத்தும் எண்ணும் பொறித்த தகரவில்லை ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த வில்லைதான் டிக்கெட், அதுதான் அவர்களுடைய பெயர். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வந்த பிறகு அந்த முகாம் வேலை மண்டபத்துக்கு மாறியது.

கிழக்கே போனவர்கள் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கு. அதற்கு வாசல் நாகப்பட்டினம். ஆவடியிலும் நாகையிலும் அரசாங்கத்தின் குடியேற்ற முகாம்கள் இருந்தன. அங்கே தங்கவைத்து, அம்மை குத்தி, பினாங்குக் கப்பலில் ஏற்றினார்கள். செல்வம் குறைந்துகொண்டே வந்த நாகைக்கு அந்தக் காலத்தில் கப்பல் வந்துபோனதே இந்த ஏழை ஜனங்களால்தான் என்று சொன்னால் மிகையில்லை.

எரியோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒரு பாட்டியைச் சந்தித்தேன். வயது எண்பதுக்கு மேல். பரணிலிருந்து பேரன் ஒரு தகர டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்தான். பச்சை வண்ணம் உரிந்து, மூடியின் உட்புறத்தில் வெள்ளைக்காரப் பெண் படம் ஒன்று ஒட்டியபடி மங்கிக் கிடந்தது. "எங்க அய்யா பினாங்குக்குப் போனாக. நாகப்பட்டினத்துல ஏழு நாள் வச்சிருந்து சோறு போட்டாகளாம். அத்தன நாளு சேந்தாப்புல அவுக நெல்லுச் சோறு தின்னது அதுதான் மொதத் தடவன்னு சொல்லுவாக" என்றார். பாட்டி சொன்னதில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. கம்பும் சோளமும் விளைகிற மண்ணிலிருந்து போன ஒருவருக்குச் செல்வச் செழிப்பான நாகப்பட்டினம் என்பது ஏழு நாள் நெல்லுச்சோறு. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அந்த நகரத்தின் செல்வத்தை இவ்வளவு துல்லியமாக அளந்து சொன்னவர் இல்லை.

நாகைக்கு அடுத்தடுத்து அடி விழுந்தது. தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை அங்கேதான் இருந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் அதை நம்பியிருந்தன. அந்தப் பட்டறையைப் பொன்மலைக்கு மாற்றினார்கள். ஆட்குறைப்பை எதிர்த்து 1928-இல் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தில் சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். அதே 1928-இல்தான் திண்டுக்கல்–பொள்ளாச்சிப் பாதை திறந்து நம் ஊர் ஜங்ஷன் ஆனது. ஒரு ஊரின் வாழ்வும் இன்னொரு ஊரின் தாழ்வும் ஒரே கால அட்டவணையில் அச்சாகியிருக்கின்றன. 1938-இல் தொழிலாளரை மலேயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. பிறகு ரஜூலா கப்பலும், அதன் இடத்தில் வந்த எம்.வி. சிதம்பரமும் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்தன. 1985-இல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு அந்தப் பயணமும் முடிந்தது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் மிக அதிகமாகப் பலிகொண்டது நாகை மாவட்டத்தில்தான். 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். நின்று நின்று ஓடுகிறது, ஓடட்டும்.

தூத்துக்குடியை வாழ்ந்த ஊர், நாகையைத் தாழ்ந்த ஊர் என்று எழுதிவிடலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. தூத்துக்குடியின் பணம் உப்பளத்தில் காலை ஊன்றி நிற்கிற பெண்ணின் பாதத்துக்கு ஒரு செருப்பாகக்கூட முழுமையாக வந்து சேரவில்லை. உப்பு உற்பத்தியில் நாட்டில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடிக் கரையில் விளைவது. வெள்ளைப் பாத்தியின் வெயிலில் கண் பார்வை மங்குகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். நாகையில் பணம் போனபின்னும், நாகூர் கந்தூரிக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் எல்லா மதத்தாரும் இன்றைக்கும் போகிறார்கள். நம் சீமையிலிருந்தே காவி உடுத்தி நடந்து வேளாங்கண்ணி போகிறவர்கள் எத்தனை பேர்! அந்தக் கூட்டத்தில் எல்லாச் சாதியும் உண்டு. பணம் போனாலும் பலரைத் தன்பால் இழுக்கும் குணம் நாகையை விட்டுப் போகவில்லை. எந்தக் கணக்கெடுப்பிலும் அது ஏறாது.

நம் ஊரையும் இதில் வைத்துப் பார்க்க வேண்டும். கடல் காற்றே படாத திண்டுக்கல்லில் எத்தனை மொழி பேசுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நாயக்கர் படையோடு வந்த தெலுங்கு. சின்னாளப்பட்டித் தறிகளோடு வந்த தெலுங்கும் கன்னடமும். நெசவுத் தெருவில் சௌராஷ்டிரம். 1755-இல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்தபோது சேர்ந்து வந்த தக்காணி உருது. அவர் தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரால் பேகம்பூர். தமிழே பேசும் ராவுத்தர்கள். புனித சூசையப்பர் ஆலயம் எழுந்த பிறகு சுற்றிலும் பெருகிய கிறிஸ்தவக் குடும்பங்கள். துறைமுகங்களுக்குக் கப்பல் கொண்டுவந்ததை நமக்குக் கோட்டையும் தறியும் தோல் ஷாப்பும் கொண்டுவந்தன. வந்தவர் யாரும் திரும்பிப் போகவில்லை. தூத்துக்குடியின் குணத்துக்கு நாம் நெருங்கியவர்கள் என்பது என் முடிவு. மண்ணோடு தொழில் வைத்துக்கொண்டவர்கள் தங்கிவிடுவார்கள்.

தட்டப்பாறை முகாமுக்கும் நாகை முகாமுக்கும் போன நம் ஊர் ஆட்களின் வரலாறுதான் இன்னும் யாரும் உட்கார்ந்து எழுதாதது. அது சென்னை ஆவணக் காப்பகத்தில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. தகரவில்லை, பால் வடிக்கும் கத்தி, சிங்கப்பூர்த் தபால்தலை ஒட்டிய கடிதம், கங்காணி கையெழுத்துப் போட்ட துண்டு, ஓட்டை விழுந்த டிரங்குப் பெட்டி எது இருந்தாலும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: நம்ம வீட்டில் கண்டிக்குப் போனது யார், பினாங்குக்குப் போனது யார், எந்த ஸ்டேஷனில் ஏறினார்கள். கேட்டதைத் தேதியோடு எழுதி இதழின் முகவரிக்கு அனுப்புங்கள்.

(தொடரும்)